ஏழு தெருவில் ஒரே ஒட்டுண்ணி

ஆராய்ச்சிக்காரிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பூனையின் குடலில் குடியிருந்து மனிதருக்கும் நோய் கொடுக்கும் ஓர் ஒட்டுண்ணி. தெருவுக்குத் தெரு அதன் மரபணு மாறும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் ஒரே வாரத்தில் ஏழு தெருக்களில் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பொறுக்கிய பூனைக் கழிவில் ஏழும் அச்சு அசல் ஒன்று. அதுவும் இந்தப் பக்கமே யாரும் கண்டிராத ரகம். இது வெளியூர் ரகத்தின் படையெடுப்பு என்று ஆய்வக இயக்குநர் குதித்தார். நாளை மாநாட்டில் அவள் இதை வாசித்துவிட்டால், இழுபறியாய்க் கிடந்த தற்காலிக வேலை நிரந்தரமாகிவிடும்.

சாயங்காலம், மிச்சமிருந்த சோதனை மருந்தை வீணாக்குவானேன் என்று அதே கழிவில் பூனைகளின் மரபணுவையும் ஓட்டிப் பார்த்தாள். அதுவும் ஏழும் ஒன்று. ஒட்டுண்ணியின் ஏழு தலைமுறையைத் துருவியவள், பூனை யாரென்று மட்டும் விசாரிக்காமல் விட்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் வேலை கிடைக்கும், ஆனால் தூக்கம் போய்விடும். நேரே இயக்குநர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அங்கே சோபாவில் மல்லாந்து கிடந்தது ஒரு கொழுத்த பூனை. இடது காது கிழிந்திருந்தது. இயக்குநர் பெருமையாக அறிமுகம் செய்தார். "எங்க வீட்டுச் செல்லம். பேரு மகாராணி. வாசப்படி தாண்ட மாட்டா."

அந்தக் கிழிந்த காதை ஆராய்ச்சிக்காரி அடையாளம் கண்டுகொண்டாள். "குண்டா" என்றாள் மெல்ல. மகாராணி எழுந்து வந்து அவள் காலை உரசியது.

"சார், படையெடுப்பெல்லாம் இல்ல. ஏழு தெருவுக்கும் ஒரே பூனைதான். அந்த ஏழுல எங்க தெருவும் உண்டு, உங்க தெருவும் உண்டு. இது எங்க வீட்டுப் பூனை. கடுவன்."

படையெடுப்பு போனதைவிட மகாராணி போனதுதான் இயக்குநரைச் சுட்டது.

"அப்ப ராத்திரி நான் வைக்கிற மீனு?"

"எத்தனாவது சாப்பாடோ, சார். போய்க் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க."

கழுவிவிட்டு வந்தவர் பெருமூச்சு விட்டார். நாளை ஊர் கூடிய சபையில் மூக்கறுபட இருந்ததை அவள்தான் தடுத்திருக்கிறாள். அது அவருக்கு விளங்காமல் இல்லை.

"மாநாட்டுல உண்மையையே சொல்லிடுங்க. உங்க வேலை நிரந்தர உத்தரவுல நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றவர், சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. மகாராணிக்கு ஏழு வீடு இருக்குன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."