சொல்லாமல் விட்ட பிரேக் ஆயில்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பிறகு யாராவது கண்டுபிடித்துக் கேட்கும்முன் நானே சொல்லிவிடுகிறேன். கார் சர்வீஸுக்கு விட்ட இடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி சொன்னது. என்ன மாற்ற வந்திருக்கிறேன் என்று கேட்டார். அவர்கள் சொல்வதை மாற்றுவேன் என்றேன். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று கேட்டார். முழித்தேன். அதிலிருந்துதான் பேச்சு தொடங்கியது.

நாற்பது நிமிடத்தில் கிட்டத்தட்ட முழுவதும் சொன்னார். ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. நான் இதை எழுத உட்கார்ந்து மூன்று வாரமாகிறது. பொறாமை என்றால் என்னவென்று அன்றுதான் எனக்கு [பொய். முன்பே தெரியும். தெரிந்ததால்தான் அவர் கதை என்னை விடவில்லை.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் பிரேக் மிதி பஞ்சுபோல உள்ளே போனது. சின்னவள் அலறக்கூட—"

[அப்படி எதுவும் நடக்கவில்லை. உங்களைப் பயமுறுத்திப் பிடித்துவைக்கப் பார்த்தேன்.]

இரண்டாவது: "பெரியவள் நல்லவள்."

[சொன்னவரே ஒத்துக்கொள்ள மாட்டார்.]

மூன்றாவது: "அப்பா காரைச் சின்னவளுக்குக் கொடுத்தார்." இது அவர் சொன்னபடியே இருக்கிறது. இதைவிட நல்லதாக ஒன்று எனக்கு வரவில்லை, வந்திருந்தால் போட்டிருப்பேன். இனி நாற்காலியில் இருந்தவரை 'அவர்' என்றும், கதைக்குள் இருப்பவளை 'அவள்' என்றும் எழுதப் போகிறேன். இருவரும் ஒரே ஆள்தான்.

3

அப்பா காரைச் சின்னவளுக்குக் கொடுத்தார். கண் பார்வை மங்கி, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே வாரம். பெரியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரியவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவோடு இருந்தாள். சின்னவளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். கணவன் கப்பலில் வேலை, ஆறு மாதம் வீடு, ஆறு மாதம் கடல்.

"உனக்கென்னம்மா, ஒத்தை ஆளு. ஸ்கூட்டர் போதும். அவ ரெண்டு குழந்தைங்கள வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா?" என்றார் அப்பா.

நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. அநியாயமாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அது ஹைபிரிட் கார். பாதி பெட்ரோலிலும் பாதி பேட்டரியிலும் ஓடும். வாங்கிய எட்டு வருடத்தில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் அப்பாவோடு போனவள் பெரியவள். எந்த ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும், எதைக் கிலோமீட்டர் பார்க்காமல் வருடக் கணக்கில் மாற்ற வேண்டும், பேட்டரி பக்கத்துக்கென்று தனியாக ஒரு டப்பாவில் இருக்கும் சூடு தணிக்கும் இளஞ்சிவப்புக் கூலன்டை எப்போது பார்க்க வேண்டும் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சாவி தங்கைக்குப் போனது. இந்த விவரமெல்லாம் அவளிடமே தங்கிவிட்டது. யாரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் அந்தக் காரில் வந்து இறங்குவாள். குழந்தைகள் பின் சீட்டில் எதையாவது கொட்டியிருப்பார்கள். பெரியவள் ஈரத்துணி எடுத்துப்போய்த் துடைத்துவிட்டு வருவாள். "விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்பாள் சின்னவள். அந்த 'நான்' பெரியவளுக்குக் காதில் புகுந்த எறும்பு மாதிரி இருந்தது.

4

ஒரு புதன்கிழமை, பெரியவள் லேபில் இருக்கும்போது சின்னவள் போன் செய்தாள். சனிக்கிழமை குழந்தைகளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாளாம். தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினாளாம். இன்ஜின் ஆயிலை மாற்றிவிட்டான், பிரேக் பேட் புதுசுபோல இருக்கிறது என்றானாம்.

"வேற ஏதாவது மாத்தணுமாக்கா?"

பெரியவளுக்குத் தெரியும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றி மூன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது.*

"மெக்கானிக் பாத்துட்டான்ல? அப்ப சரிதான்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அடுத்த ரத்தக் குப்பியை எடுத்துப் பெயர் ஒட்டினாள்.

* இந்த இடத்தில் அவர் எனக்குப் பாடமே நடத்தினார். ஹைபிரிட் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்பிவிடும். அதனால் பேட் தேயாது, பார்க்கிறவன் ஏமாந்துபோவான். ஆனால் பிரேக் ஆயில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் மோட்டாரால் அவ்வளவாக உதவ முடியாது, பிரேக்குக்கு வேலை கூடும். சூட்டில் ஈரம் ஏறிய ஆயில் கொதித்தால் மிதி பஞ்சாகிவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் 'சரிதான்' என்றாள்.

5

இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பெற்ற அப்பாவும் இரண்டு குழந்தைகளும் போகிற வண்டி. ஒருத்தியால் அப்படி வாய்மூடி இருக்க முடியுமா? வியாழன் போகிறது, வெள்ளி போகிறது.

அவரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஏதாவது ஆகணும்னு நினைக்கல. வண்டி வழியில நின்னு, 'அக்கா இல்லாம முடியாது'ன்னு அவ வாயால வரணும். அவ்வளவுதான் நினைச்சேன்" என்றார். பிறகு, "அப்படித்தான் நினைச்சேன்னு இப்ப சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

என் கற்பனையில் இப்படி ஒரு வரி ஏழு பிறவிக்கும் வராது.

6

சனிக்கிழமை காலை கார் வாசலுக்கு வந்தது. அப்பா குளிர்தாங்கத் தொப்பி போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். பின்னால் குழந்தைகள் இரண்டும் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டன. பெரியவள் பையை டிக்கியில் வைத்து மூடினாள். இன்னும் ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் வண்டி போயிருக்கும்.

சின்னவள் கண்ணாடியை இறக்கினாள். "வண்டி மலைக்குத் தாங்குமாப்பான்னு கேட்டேன். 'பெரியவ பாத்துட்டாளா? அவ சரின்னா சரி, வேற யாரையும் கேக்காதே'ன்னுட்டாரு. அதான் நிம்மதியா கிளம்பிட்டேன்."

அந்த வண்டி பிரேக்கை நம்பிப் போகவில்லை, பெரியவளுடைய 'சரிதான்'ஐ நம்பிப் போகிறது.

"இறங்கு. சாவியைக் குடு" என்றாள்.

அவளே ஓட்டினாள், இதே சர்வீஸ் கூடத்துக்கு. தலைமை மெக்கானிக் ஈரத்தை அளக்கும் பேனா மாதிரி ஒரு கருவியைப் பிரேக் ஆயிலில் நனைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. குழாயில் உறிஞ்சிக் காட்டினார். புதிதாக இருந்தால் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது, நாலு நாள் தண்ணீர் குடிக்காதவனின் மூத்திரம்போல இருந்தது. [உவமை என்னுடையது இல்லை. லேபில் வேலை பார்க்கிறவருடையது.] மற்றவற்றையும் பெரியவளே முடிவு செய்தாள்: கூலன்ட் அளவு சரி, விடலாம். கியர் ஆயில் திரும்பி வந்து மாற்றலாம். பிரேக் ஆயில் இப்போதே.

காத்திருக்கும்போது அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீ இருக்கற தைரியத்துலதாம்மா அவகிட்ட குடுத்தேன்" என்றார். இரண்டு வருடத்துக்கு முன்பு, காரைக் கொடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டியது.

மதியத்துக்கு மேல் கிளம்பினார்கள். போய்விட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். ஆனால் கிளம்பும்முன், கார் கதவருகே, அப்பாவுக்குக் கேட்காத தூரத்தில் சின்னவள் கேட்டாள்:

"மூணே முக்கால் வருஷம் ஆச்சுன்னு மெக்கானிக்கிட்ட தேதியோட சொன்னியே. புதன்கிழமை ஏன்க்கா சொல்லல?"

7

சரியாக இந்த இடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்கள். அவர் எழுந்து கைப்பையை எடுத்தார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். காதில் விழாததுபோல நடந்தார். கதவருகே திரும்பி, "தங்கச்சி வண்டி. சர்வீஸுக்கு நான்தான் கொண்டுவருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி, தங்கை மன்னித்திருந்தாலும் சாவி அவர் கைக்கு வந்திருக்கும். பொய் சொல்லி, தங்கை நம்பியிருந்தாலும் வந்திருக்கும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். "மறந்துட்டேன்டி" என்று எழுதினேன். மறக்கிற ஆளில்லை அவர், ஒரு குழந்தைகூட நம்பாது. "தெரியும். வேணும்னுதான் சொல்லல" என்று எழுதினேன். கை அதற்குமேல் நகரவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு வராத தைரியத்தை அவருக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவருக்கு அதுவும் வேறா?

நீங்கள் என்னைவிடப் பெரிய மனசுக்காரராக இருக்கலாம். இடம் விட்டிருக்கிறேன்.

பெரியவள் காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "