ஏழு கழிப்பறை வீடு

ஜோகன்னஸ்பர்க்கில் ஸெலிக் ஜோஃபேயின் வீட்டில் கழிப்பறைகள் மட்டும் ஏழு. இருப்பது இரண்டே பேர், அவரும் மனைவி பெரிலும். நாற்பது வருஷம் குழாயும் பீங்கான் தொட்டியும் விற்றவர், சொந்த வீட்டில் கஞ்சத்தனம் பார்ப்பாரா? தெருவுக்கே தண்ணீர் நின்றுபோகும் நாட்களிலும் அவர் வீட்டு ஆழ்துளைக் கிணறு கொட்டிக்கொண்டிருக்கும். வறட்சி வந்தது அவர் உடம்புக்குள்தான்.

எங்கள் யூத ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கழிப்பறை போய்விட்டுக் கை கழுவியதும், வெளியே நின்று கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். மனிதனை அறிவோடு படைத்து அவனுக்குள் துவாரங்களை வைத்தவனே, அதில் ஒன்று திறந்துகொண்டாலும் ஒன்று அடைத்துக்கொண்டாலும் ஒரு நாழிகைகூட உன் முன் நிற்க முடியாது என்று போகும் அந்த வாழ்த்து. மூன்று வயதில் படித்தது, ஸெலிக்குக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் எப்படிச் சொன்னார்? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, துண்டைத் தேடிக்கொண்டு, கடைக்கு எவ்வளவு சரக்கு வந்தது என்று யோசித்துக்கொண்டு. கடவுளே காது கொடுத்துக் கேட்டிருந்தாலும் ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

போன வருஷம் இரண்டு சிறுநீரகமும் போயின. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டார். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. கொஞ்ச நஞ்சம் வரும் சிறுநீரும் ஒருநாள் நின்றுவிடும், பிறகு திரும்பாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து மனிதர் மாறிப்போனார். ஒரு கரண்டி அளவு போனாலும் போதும், வெளியே வந்து கண்ணை மூடி நின்று, வார்த்தை வார்த்தையாகச் சொல்வார். முடிக்கும்போது முகம் மலர்ந்திருக்கும். எழுபத்திரண்டு வயதில் வந்த அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"கழிப்பறைக்குப் போய்ட்டு வர்ற ஆளா நீ, கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்ற ஆளா?" என்று பெரில் கிண்டல் பண்ணுவாள்.

சனிக்கிழமைக்கு அப்புறம் ஒரு சொட்டு இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில், இத்தாலிப் பளிங்கு போட்ட மாடிக் கழிப்பறையில் ஸெலிக் உட்கார்ந்தே இருந்தார். சத்தம் கேட்டாவது வருமா என்று குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார். தண்ணீர் தாராளமாகக் கொட்டியது.

பெரில் கதவைத் தட்டினாள். "ஸெலிக், ஒரு மணி நேரமாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

"கொஞ்சம் இரு."

"உள்ள என்னதான் பண்றே?"

"பிச்சை எடுக்கறேன்."

வெளியே வந்தபோது அவர் முகம் செத்திருந்தது.

"சும்மா ஒரு தடவை சொல்லிடேன் கிழவா. யாரு கேக்கப் போறா?"

"போகாம சொன்னா கடவுள் பேரை வீணா இழுத்த மாதிரி. எழுவது வருஷம் அவர் அள்ளி அள்ளிக் குடுத்தப்போ வாய்க்குள்ளயே முழுங்கினேன். இப்ப பொய் வேற சொல்லணுமா?"

பெரில் பக்கத்துக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அழத்தான் போனாள். போன இடத்தில் மற்ற வேலையும் முடிந்தது. கை கழுவி வெளியே வந்து, கைப்பையைத் தேடிக்கொண்டே பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள்.

ஸெலிக் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "இரு. சத்தமா சொல்லு, மெதுவா. நீ சொல்றதுக்கு நான் ஆமென் சொல்லலாம். அதுக்குத் தடை இல்ல."

பெரில் சொன்னாள். "ஒன்று அடைத்துக்கொண்டாலும்" என்கிற இடத்தில் நிறுத்திவிட்டாள். அந்த வரியே ஸெலிக் உருவத்தில் எதிரே செருப்புப் போட்டுக்கொண்டு நின்றது.

அவர் பிடியை விடவில்லை. பாதியில் பேசக் கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினார், முடி என்று.

முடித்தாள். எந்த உடலையும் குணமாக்குகிறவனே, அதிசயம் செய்கிறவனே என்பதுவரை முடித்தாள்.

"ஆமென்!" என்றார் ஸெலிக். ஆளில்லாத அத்தனை அறைக்கும் கேட்டது.

காரில் ஏறியதும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நான் மெஷின்ல கிடக்கறப்போ நீ சும்மா உக்காந்திருக்காதே, பெரில். நிறையத் தண்ணி குடி."