ஐந்தாவது கேள்விக்கு ஒரு மதிப்பெண்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லோருக்கும் இடம் வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்திலிருந்து பிறந்த கதை இல்லை இது. ஒரு விண்ணப்பத்தின் ஓரத்தில் ஐந்துக்கு ஒன்று என்று போடப்பட்ட மதிப்பெண்ணிலிருந்து பிறந்தது.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'பூட்டுகள் மனிதர்களைப் போன்றவை...' (அடித்துவிட்டேன். பூட்டுகள் பூட்டுகளைப் போன்றவை.)

'செயலாளர் நல்ல மனிதர்...' (இதுவும் வேண்டாம். கதை ஆரம்பிக்கும் முன்பே வக்காலத்து வாங்குகிறது.)

மூன்றாவது இது: பூட்டுப் பிரியர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. கடையில் வாங்கிய பூட்டைச் சாவி இல்லாமல் திறப்பது அவர்களின் பொழுதுபோக்கு. (அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது என்பது சங்க விதி.) வருடத்துக்கு ஒரு சந்திப்பு. இருப்பது நாற்பது நாற்காலி, இந்த வருடம் வந்தது நூற்றுப் பதின்மூன்று விண்ணப்பம்.

2

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள், சின்ன விஷயம்தான். உள்ளே ஓர் உருளை. அதன் குறுக்கே, வெவ்வேறு நீளத்தில் ஐந்து சிறிய பின்கள். சரியான சாவி ஐந்தையும் அததற்கான உயரத்துக்குத் தூக்கும். அப்போதுதான் உருளை திரும்பும். நான்கு சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறினாலும் பூட்டு திறக்காது.

போன வருடம், 'உங்க ஆளுங்களையே எடுக்கறீங்க' என்று புகார் வந்திருந்தது. ஆகவே செயலாளர் விண்ணப்பத்தையும் ஒரு பூட்டைப் போலவே செய்தார். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். பெயரையும் முகவரியையும் மறைத்து எண் மட்டும் தெரியும்படி ஓர் ஏற்பாடு. முதல் நான்கு கேள்விகளைத் திருத்தியவர்கள் சங்கத்து உறுப்பினர்களான ஒரு கணக்கு டீச்சரும் ஒரு லிஃப்ட் பழுதுபார்ப்பவரும். ஐந்தாவதைச் செயலாளரே வைத்துக்கொண்டார்: 'உங்கள் பணிமேசையின் புகைப்படம் ஒன்றை இணைக்கவும்.' ஒருவரின் ஈடுபாடு மேசையில் தெரியும் என்பது அவர் கட்சி.

(செயலாளருக்கு ஒரு மீசை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அடையாளம் மாற்றப் பார்த்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.)

3

ஐம்பத்தேழாம் எண். 'பூட்டுத் திறக்க எப்படிக் கற்றீர்கள்?' என்ற கேள்விக்கு வந்திருந்த பதிலை லிஃப்ட்காரர் உரக்க வாசித்தார்: "எங்கள் வீட்டில் ஒருவர் திறக்க முடியாமல் டப்பாவில் போட்டுவைக்கும் பூட்டுகளை எடுத்துத் திறந்து பழகினேன்."

"யாரோ பாவம்பா!" என்றார். "மனுஷன் மானத்தை வாங்கிட்டாங்களே!"

மூவரில் அதிகமாகச் சிரித்தது செயலாளர்தான். பிறகு புகைப்படத்தைப் பார்த்தார். பணிமேசை இல்லை; ஓர் இஸ்திரி மேசை. அதன் விளிம்பில் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளாம்ப், கிளாம்பில் பூட்டு. 'விளையாட்டுத்தனம்' என்று எழுதி ஒன்று போட்டார். நடைபாதையில் சாவி வெட்டுகிறவர் ஒருவர், மடியில் தகரப் பெட்டியோடு படம் அனுப்பியிருந்தார். அவருக்கு இரண்டு.

இருபத்திரண்டு எடுத்தவர்கள் உள்ளே. ஐம்பத்தேழு எடுத்தது இருபத்தொன்று. சாவி வெட்டுகிறவரும் வெளியே.

கணக்கு டீச்சர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நாற்பதுல முப்பத்தாறு பேர் படத்துல தனி ரூம் தெரியுது. நாம பூட்டு தெரிஞ்சவங்களை எடுக்கல. ரூம் இருக்கறவங்களை எடுத்திருக்கோம்."

"பேரையே மறைச்சுட்டோமே டீச்சர். இதுக்கு மேல என்ன செய்யறது?"

"பேரை மறைச்சீங்க. வீட்டைக் காட்டச் சொல்லிட்டீங்களே. இந்த ஐம்பத்தேழைப் பாருங்க. நாலு கேள்வியிலயும் முழு மார்க்கு."

பார்த்தார். இஸ்திரி மேசையின் உறையில் ஒரு மூலையில், இஸ்திரிப் பெட்டி நுனியின் வடிவில் பழுப்பாக ஒரு தீய்ந்த தடம்.

4

முதல் வரைவில் ஐம்பத்தேழு முன்பின் தெரியாத ஒரு பெண். எழுத வசதியாக இருந்தது. செயலாளர் வருந்துவார், மன்னிப்புக் கடிதம் அனுப்புவார், நீங்களும் மன்னித்துவிடுவீர்கள்.

ஆனால் அந்தத் தடம் விழுந்து ஏழு வருடம் ஆகிறது. அந்த மேசை செயலாளர் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைக்கப்பட்டிருக்கிறது. அவர் போட்டிருந்த சட்டை அன்று காலை அதன்மேல்தான் கிடந்தது. அதை விரித்து ஒருநாளும் அவர் நின்றதில்லை. அதனால்தான் முதல் பார்வையில் தெரியவில்லை. போன வருடம் மனைவி, "நானும் வரட்டுமா?" என்று கேட்டபோது, "குடும்பத்தோட வர்ற இடம் இல்லம்மா" என்று சொன்னவரும் அவர்தான்.

(செயலாளர் என்று எழுதும்போதெல்லாம் என் சட்டைக் காலர் உறுத்துகிறது. சரி. நான்தான்.)

5

முடிவுகள். ஒன்று: நாற்பத்தொன்றாவது நாற்காலி போடலாம். அப்போது அவள் செயலாளரின் மனைவியாக வந்து உட்காருவாள். அதை வேண்டாமென்றுதானே எண்ணுக்குப் பின்னால் நின்றாள்? தவிர, சாவி வெட்டுகிறவர் வெளியிலேயே நிற்பார்.

இரண்டு: ஐந்தாவது கேள்வியையே தூக்கிவிட்டு, நூற்றுப் பதின்மூன்றையும் மறுபடி கூட்டலாம். சரியான வழி அதுதான். ஏன் தூக்கினீர்கள் என்று சங்கம் கேட்கும். நான் எழுந்து நின்று...

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன்.)

மூன்று: ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். இறுதிப் பட்டியல் நாளைதான்.

மதிப்பெண் தாள் அவரவர் கைபேசிக்குத் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்ததும் நான்தான். வெளிப்படைத்தன்மையாம். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் இஸ்திரி மேசையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையைக் கழட்டுங்க. காலர் மடங்கியிருக்கு."

கழற்றிக் கொடுத்தேன். விரித்துப் போட்டாள். தடத்தின்மேல் சட்டையின் ஒரு கை விழுந்தது.

"அஞ்சு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு, ஒண்ணு" என்றாள். "நாலு சரி. ஒண்ணுல போச்சு. அந்த அஞ்சாவதைத் திருத்தினது யாருங்க, லிஃப்ட்காரரா?"

அந்தக் கடைசிச் சொல்லில் எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. அவள் வேண்டுமென்றே திறந்து வைத்தாளா, எனக்குத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, அவள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வரியை நான் எழுதினால் அதில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிவிடுவேன். அதனால் அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன், நீங்களே எழுதுங்கள். ஒன்று மட்டும், சீக்கிரம். பெட்டி சூடாகிவிட்டது, நான் சட்டையில்லாமல் நிற்கிறேன்.

"..................................."