மூன்றாம் முறை வாசித்த அறிவிப்பு

தூ ஜியானின் அம்மா இறந்த மூன்றாம் நாள், ஷூசின் பாவோடிங்கிலிருந்து ரயிலேறி பெய்ஜிங் வந்து சேர்ந்தாள். போன் செய்தவள் ஜியானின் தங்கை ஃபாங். "அக்கா, அம்மா போயிட்டாங்க. வீட்டைக் காலி பண்ணித் தரணும். அண்ணனோட சாமான் ஒரு பெட்டி கிடக்கு. வேணும்னா வந்து பாருங்க" என்றாள். அது அழைப்பா, குத்தலா என்று ஷூசினுக்குப் பிடிபடவில்லை. குத்தலாகவே இருந்தாலும் தப்பில்லை. இருபத்துநாலு வருஷத்தில் அந்த வீட்டுப் படியை அவள் இரண்டே முறைதான் ஏறியிருக்கிறாள்.

நான்காவது மாடி. நவம்பர் குளிர் கைப்பிடிக் கம்பியில் ஏறியிருந்தது. குளிர்காலத்துக்கு வாங்கிய முட்டைக்கோஸ் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குவிந்திருந்தது. ஜியான் வீட்டு வாசலில் மட்டும் பழைய செய்தித்தாள் விரித்து, செங்கல் வைத்தாற்போல ஒழுங்காக அடுக்கியிருந்தது.

"இத்தனையும் நீயா தூக்கிட்டு வந்தே?" என்று கேட்டாள் ஷூசின்.

"நான் தியான்ஜின்ல இருக்கேன்க்கா, நான் எங்க தூக்க? தாஹாய் அண்ணாதான். வருஷா வருஷம் அவர்தானே" என்றாள் ஃபாங். பிறகு ஷூசினின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது. உள்ளே முக்காலி மேல் நின்று திரைச்சீலைக் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தான் பெங் தாஹாய். தலை பாதி நரைத்துவிட்டது. இவளைக் கண்டதும் இறங்கினான். இறங்கி என்ன செய்வதென்று தெரியாமல், திருகாணியை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"வா, ஷூசின்" என்றான்.

அந்தக் குரலை அவள் கடைசியாக நேரில் கேட்டது எண்பத்தொன்பதாம் வருஷ வசந்தத்தில். அதற்கப்புறம் பத்து வருஷம் வானொலியில் மாலைச் செய்தி வாசித்தான். அவள் பாடம் நடத்திய தொடக்கப் பள்ளியில் யாராவது வானொலியைத் திருகி அந்தக் குரல் வந்துவிட்டால், எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஃபாங் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். செம்புக் கம்பிச் சுருள், பற்றவைக்கும் கோல், வெள்ளைக் கோப்பை ஒன்று, ஒரு புகைப்படம். படத்தில் கால்வாய்க் கரையில் மூன்று பேர் நிற்கிறார்கள். நடுவில் ஜியான் கண்ணை மூடிச் சிரிக்கிறான்.

மூன்று பேரும் ஒலிபரப்புக் கல்லூரியில் ஒரே ஆண்டு. ஷூசினும் தாஹாயும் அறிவிப்பாளர் வகுப்பு, ஜியான் ஒலிப் பொறியியல். விடிந்தும் விடியாமலும் கால்வாய்க் கரைக்குப் போய், ஆளுக்கொரு மரத்தைப் பார்த்து நின்று நாக்குப் பயிற்சி செய்வார்கள். அறிவிப்பாளராகப் போகிறவர்கள்தான் செய்ய வேண்டும். ஆனால் ஜியானும் கூட வருவான். தப்புத் தப்பாகச் சொல்லி மற்ற இருவரையும் சிரிக்கவைப்பதுதான் அவன் வேலை. "டேய் தாஹாய், மரமே கொட்டாவி விடுதுடா, நீ இன்னும் முதல் வரியைத் தாண்டலையே" என்பான். பசி எடுத்ததும் மூவரும் ஒரே சைக்கிளில் உணவுக்கூடத்துக்குப் போவார்கள். தாஹாய் மிதிப்பான், ஜியான் பின்னால், ஷூசின் முன் கம்பியில். ஆவி பறக்கும் மாவு உருண்டை ஒன்றை இரண்டாகப் பிய்த்து, அதற்குள் ஊறுகாயை அடைத்துத் தின்றதன் ருசி பிறகு எந்தச் சாப்பாட்டிலும் வரவில்லை.

அந்த மே மாதமும் அவளுக்கு இப்படித்தான் ஞாபகத்தில் இருந்தது. சீர்திருத்தம் கேட்டு நகரச் சதுக்கத்தில் கூடிய மாணவர்களின் ஒலிபெருக்கியில் அவள் வாசிப்பாள், ஜியான் கம்பியை ஒட்டிக் கொடுப்பான். ஐஸ்காரிகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "தொண்டை காஞ்சு போச்சு பாரு, தின்னுடி" என்று சும்மா கொடுத்தார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர்கூடச் சிரித்து வழிவிட்டார். ஊரே ஒரே வீடாகிவிட்டது போலிருந்தது. தாஹாய் மட்டும் வரவில்லை. அவனுக்கு வானொலி நிலையத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது.

"நீ என்ன செஞ்சேன்னு ஜியான் அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஷூசின்.

"முதல் தடவை வந்தப்பவே சொல்லிட்டேன். 'ஜியான் செத்த அன்னைக்கு அரசாங்க அறிவிப்பை வாசிச்சது நான்தாம்மா'ன்னு. கதவைச் சாத்திட்டாங்க. மறுவருஷமும் வந்தேன், சாத்திட்டாங்க. மூணாவது வருஷம், 'முட்டைக்கோஸை மட்டும் வச்சுட்டுப் போ'ன்னாங்க."

"அதோட எல்லாம் சரியாப் போச்சா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"வேற என்ன சொல்றே? வாசிக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

தாஹாய் திருகாணியை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "நான் மாட்டேன்னா அடுத்த நாற்காலியில இருந்தவன் வாசிச்சிருப்பான். 'தெருவுக்கு வராதீங்க, வீட்டுலயே இருங்க'. அதுதானே அதுல இருந்துச்சு? கேட்டவன் பிழைச்சான். சுட்டது தப்பு, ஷூசின். அதை எங்க வேணும்னாலும் சொல்வேன்."

"எங்க சொன்னே? வானொலியிலயா?"

அவன் முகம் சிவந்தது. "சரி, சொல்லல. ஆனா நீங்களும்தான் தப்புப் பண்ணினீங்க. மே மாசக் கடைசியிலயே சதுக்கத்தை விட்டுப் போயிருக்கலாம். 'போதும், கிளம்புவோம்'னு சொன்னவனை எல்லாம் கோழைன்னு திட்டினீங்க. அன்னைக்கு நாடு உடைஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரஷ்யாக்காரன் பட்ட பாட்டைப் பார்த்தோம். இன்னைக்கு நீ பாவோடிங்லேருந்து ஒரு மணி நேரத்துல வந்து இறங்கறே."

"ரயிலு விடறதுக்குப் பிள்ளைங்களைச் சுடணும்னு எந்தப் பொறியாளர் சொன்னாரு?" ஷூசினின் குரல் உயர்ந்தது. ஃபாங் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க! உங்களுக்கு என்ன, சண்டை போட்டுட்டுப் போயிடுவீங்க" என்றாள் ஃபாங். "ஒவ்வொரு ஜூன் மாசமும் வாசல்ல மஃப்டி போலீஸ் ரெண்டு பேர் நாற்காலி போட்டு உட்காருவாங்க. அம்மா அவங்களுக்கு வெந்நீர் கொடுப்பாங்க. 'விபத்துல செத்தான்'னு ஒரு காகிதத்துல கையெழுத்துக் கேட்டாங்க. கடைசி வரைக்கும் போடல. போட்டிருந்தா எனக்குப் பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சிருக்கும். எத்தனை நாள் அம்மாவைத் திட்டியிருக்கேன் தெரியுமா? நாடு, சுதந்திரம் எல்லாம் நீங்க பேசுங்க. எங்க அம்மா கேட்டது ஒண்ணுதான். 'உன் அண்ணன் ஏன் அந்தப் பக்கம் போனான்? ஹாஸ்டல் இந்தப் பக்கம்தானே இருக்கு?' இருபத்துநாலு வருஷமும் அதையேதான் கேட்டுட்டிருந்தாங்க."

ஷூசின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும், ஃபாங்" என்றாள்.

ஜியான் செத்த அன்று சாயங்காலம் அவனும் ஷூசினும் ஒரே சைக்கிளில் நகரத்தின் மேற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே படையை மறிக்கத் தெருமுனையில் கூடியிருந்தவர்களின் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. சரிசெய்த பெட்டி பின்னால் கட்டியிருந்தது. கம்பத்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. முதல் முறை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை ஜியான் சைக்கிளை நிறுத்தினான். "ஏய், இது நம்ம தாஹாய்டி!" என்று சிரித்தான். மூன்றாம் முறை வந்தபோது அவன் சிரிக்கவில்லை.

"'கேளுடி, வரி முடியறப்ப மூச்சை முழுங்கறான் பாரு'ன்னான். 'தேர்வு அறையில பயந்தா இப்படித்தான் செய்வான். நாலு வருஷமாக் கேக்கறேன். அவனுக்கு உள்ள ஏதோ தெரிஞ்சிருக்கு. இது வெறும் மிரட்டல் இல்ல. நீ ஹாஸ்டலுக்குப் போ'ன்னான். நான் மாட்டேன்னேன். என்னைப் பிடிச்சு இறக்கிவிட்டான். 'முனையில நிக்கறவங்களுக்குச் சொல்லிட்டு வந்துடறேன். அவங்களுக்கு இந்தக் குரல் பழக்கம் இல்லையே, எப்படித் தெரியும்?'னான். அப்படியே மிதிச்சுட்டுப் போயிட்டான்" என்றாள் ஷூசின்.

"மூணாவது தடவை வாசிக்கறப்ப, 'படை கிளம்பிடுச்சு, கையில நிஜத் தோட்டா'ன்னு காதுல வந்து சொன்னாங்க" என்றான் தாஹாய். "குரல் மாறக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு வாசிச்சேன். மாறலைன்னுதான் இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன்." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ உயிரோட இருக்கறது அதனாலயா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிம்மதியாத் தூங்கிடுவேன்னு."

அவன் தலையாட்டினான். கோபம்கூட வரவில்லை. கோபப்பட்டது ஃபாங்தான்.

"அவர் தூங்கக்கூடாதுன்னு எங்க அம்மாவையும் தூங்கவிடாமப் பண்ணிட்டீங்களேக்கா! அவன் சொல்லத்தான் போனான்னு ஒரு தடவை சொல்லியிருந்தா போதுமே. 'வழி தெரியாமப் போயிட்டானோ, யாராவது கூட்டிட்டுப் போயிட்டாங்களோ'ன்னு புலம்பியே செத்தாங்களே!"

முன்பு இந்த வீட்டுக்கு வந்த இரண்டு முறையும் ஷூசின் இதைச் சொல்லத்தான் வந்தாள். ஜியானின் அம்மா கிண்ணம் நிறைய நூடுல்ஸ் வைத்து, "நீயாவது சாப்பிடு" என்றபோது, என்னை இறக்கிவிட்டுவிட்டு உங்கள் மகன் போய்ச் செத்தான் என்று சொல்ல வாய் எழவில்லை. தாஹாயைப் பழிப்பது சுலபமாக இருந்தது. அவன் ஒரு குரல்தானே, குழாயை மூடுவது போல மூடிவிடலாம். இதை அவள் அவர்களிடம் சொல்லவில்லை. "என் தப்பு" என்று மட்டும் சொன்னாள்.

ஃபாங் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "நாளைக்குக் காலையில அஸ்தி வைக்கறோம், அண்ணன் பக்கத்துலயே. நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

மறுநாள் மயானத்தில் வெயில் இருந்தது, சூடு இல்லை. முன்பின் தெரியாத இரண்டு ஆட்கள் தூரத்தில் யார் கல்லறைக்கோ வந்தவர்கள் போல நின்றார்கள். பூக்கூடைகூட இல்லை அவர்களிடம். ஃபாங் ஆரஞ்சுப் பழங்களை வைத்து மூன்று முறை குனிந்து வணங்கினாள். ஷூசின் முழங்காலிட்டு, சைக்கிளில் கிளம்பியதிலிருந்து தொடங்கி, இறக்கிவிட்டது வரை ஒன்று விடாமல் சொன்னாள். தாஹாயின் பெயர் வந்த இடத்தில் தயங்கவில்லை. அவன் நாலடி பின்னால், தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றிருந்தான். சொல்லி முடித்து எழுந்தபோது அவள் முழங்கால் மரத்துப்போயிருந்தது. ஃபாங் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, கையையும் விடவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஷூசினும் தாஹாயும் மட்டும் நின்றார்கள்.

"இன்னமும் நான் வாசிச்சது தப்புன்னுதான் சொல்வியா?" என்று கேட்டான்.

"தப்புதான்."

"நீங்க கிளம்பியிருக்கணும்னு நானும் இன்னமும் சொல்வேன்."

"சொல்லிக்கோ."

"அவன் இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் கிண்டல் பண்ணியே கொன்னிருப்பான்" என்றான் தாஹாய்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான், இந்த மனுஷனோடு சேர்ந்து சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று தோன்றியது. பஸ் கூட்டமாக வந்தது. முதலில் ஏறிய தாஹாய், இருந்த ஒரே காலி இருக்கையின் மேல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு, அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேரும்வரை விடவில்லை.