அக்காவுக்கு ஒரு கருணை மனு

சிறையில் இருந்த மூன்று வருடமும் நான்தான் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பரோலுக்கு, மருத்துவத்துக்கு, வேறு பிளாக்குக்கு மாற. ஒன்றிரண்டு பலித்தும் விட்டன. தலைக்கனம் வர அது போதாதா? வெளியே வந்தும் புத்தி போகவில்லை. விடுதலையாகி வருகிறவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கித் தருகிறேன் என்று, காக்களூர் டீக்கடையில் என்னை நானே பெரிய மனிதனாக நியமித்துக்கொண்டேன்.

என்னோடு உள்ளே இருந்த தாவீதுக்கு இதய வால்வு கெட்டிருந்தது. அட்டை கிடைத்தால்தான் ஆபரேஷன். இந்த மாதத்தைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டைக்கு ரேஷன் கார்டில் பேர் இருக்க வேண்டும். அவன் உள்ளே இருந்தபோது அக்கா சாராள் அவன் பேரை நீக்கிவிட்டாள். திரும்பச் சேர்க்க அவள் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். விடுதலையாகி எட்டு மாதமாகியும் தாவீது அவள் வாசலை மிதிக்கவில்லை.

இதற்குத்தானே நான் பிறந்தேன்? தாவீது பேரில் சாராளுக்கு இரண்டு பக்க மனு எழுதினேன். 'கருணை கூர்ந்து', 'நன்னடத்தை', 'இனி இத்தவறு நேராது' எதையும் விடவில்லை. அவள் வீடு இருக்கும் மணவாள நகருக்குப் போனதும் தாவீதைத் தெருமுனையிலேயே நிற்கவைத்தேன். மனு உள்ளே போகும், கைதி வெளியே நிற்பான், கூப்பிட்டால் வருவான். சிறை சூப்பிரண்டு அறைக்கு அதுதான் முறை. அக்கா வீட்டுக்கும் அதே முறையைக் கடைப்பிடித்த மேதாவி நான்தான்.

சாராள் முதல் பக்கத்தின் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"தாழ்மையுள்ள மனுதாரரா? யாரு, எந்தம்பியா? அவன் எங்க?"

தெருமுனையில் என்றேன். இந்த வெயிலில், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. சொல்லும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

தாவீது கைகட்டித் தலைகுனிந்து நின்றிருந்தான். அவள் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டாள்.

"கோவத்துலதாண்டா பேர எடுத்தேன். வந்து கேட்டா சேக்கமாட்டனா? எட்டு மாசமா ஊட்டப் பூட்டாம காத்துக்கினு இருக்கேன். இனிமே ஆள அனுப்பாத. நீயே வா."

நான் போனில் விண்ணப்பத்தைத் திறந்தேன். ஓடிபி வந்தது. அவள் அழுதுகொண்டே இருந்ததில் எண்களைப் படிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இன்னொன்று கேட்டுவிட்டு, அது வரும்வரை வாயைத் திறக்காமல் நின்றேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.