மூட்டைப்பூச்சி பறக்காது சார்

எங்கள் தொழிற்சாலையின் எச்.ஆர். அதிகாரி நரசிம்மன், மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். உள்ளே பழுப்பு நிறப் பூச்சி ஒன்று. எதிரே, ஸ்டோரில் பெட்டி பிரிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி முத்துச்செல்வி அழுதுகொண்டு நின்றாள். அவளுடைய ஓவர்கோட்டில் அது இருந்ததாம்.

“மூட்டைப்பூச்சி. பென்னலூர்ல இவ தங்குற ஹாஸ்டல்லேர்ந்து எடுத்துகினு வந்துட்டா” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் விலங்கியல் படித்துவிட்டு, இங்கே வந்திறங்கும் சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். படிக்காதவர்களுக்கும் தெரியும், மூட்டைப்பூச்சி மிளகு அளவுதான் இருக்கும். இது கட்டைவிரல் நகத்தைவிட நீளம். பின்னங்கால் இலைபோல் அகன்றிருந்தது. முதுகில் சிறகு வேறு.

“சார், இது அமெரிக்காவுல பைன் மரத்து விதையை உறிஞ்சுற பூச்சி. மூட்டைப்பூச்சிக்கும் இதுக்கும் வரிசை ஒண்ணுதான், ஆனா குடும்பம் வேற. நேத்து வந்த மரப்பெட்டியில ஒளிஞ்சுகினு வந்திருக்கும். ரத்தம் குடிக்காது.”

“ஃபார்ம்ல கரப்பான், எறும்பு, கொசு, மூட்டைப்பூச்சி, நாலுதான் இருக்கு, ஷாலின். நான் எதுல டிக் பண்றது?”

டம்ளரைத் தூக்கினேன். பூச்சி பறந்துபோய் அவர் காலரிலேயே உட்கார்ந்தது. மனுஷன் அலறிவிட்டார். அதைப் பிடித்து டப்பாவில் அடைத்து என் கல்லூரிப் பேராசிரியைக்கு அனுப்பினேன். டிக் மட்டும் மாறவில்லை. முத்துச்செல்வியின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். “வேல போனாக்கூடப் பரவால்லக்கா. ஹாஸ்டல்ல எம் பக்கத்துல யாரும் படுக்க மாட்டேங்காவ.”

பத்து நாளில் பேராசிரியையின் கடிதம் வந்தது: லெப்டோகுளோசஸ் ஆக்சிடென்டாலிஸ், கோரீடே குடும்பம். நரசிம்மன் சார் பதிவேட்டை எடுத்து ‘மூட்டைப்பூச்சி’யை அடித்துவிட்டு, அந்தப் பெயரை ஒரு எழுத்து விடாமல் எழுதினார். அதற்குக் கீழே ‘முத்துச்செல்வி, நீக்கம், சுத்தமின்மை’ என்றிருந்ததைத் தொடவே இல்லை.

“இது சார்?”

“அது முடிஞ்ச மேட்டரும்மா.”

பூச்சிக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயமா? வெளியே புதிதாக இறங்கிய பதினான்கு பெட்டிகள் என் கையெழுத்துக்காக நின்றன. பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

“இன்னாம்மா பண்ற? லைன் நின்னுடும்!”

“நிக்கட்டும் சார். அந்த வரியையும் அடிங்க. அவ வந்து ஸ்டோர்ல நிக்கட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுறேன்.”