நூறு கஜத்துக்குள் ஒரு கடை

கோமளாவின் பெட்டிக்கடையில் பிஸ்கட்டும் சோப்பும் பேருக்குத்தான். கடை ஓடியது பீடியாலும் சிகரெட்டாலும். பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் அந்தக் குப்பத்தில் புகைக்காத ஆம்பளையைத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நல்லதா கெட்டதா என்று பட்டணத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். பாதி நாள் தண்ணீரில் நிற்கிறவனுக்கு உடம்பு சூடேற வேண்டியிருக்கிறது.

கடை வைப்பதற்கு முன்னால் அவளும் தண்ணீரில் நின்றவள்தான். புருஷன் கோதண்டம் புயலில் போன பிறகு அவனுடைய பாடு ஊருக்கே திரும்பிவிட்டது. பாடு என்றால், ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலை போடலாம் என்று ஊர் கொடுக்கும் முறை. அது ஆண்பிள்ளைக்குத்தான் போகும். கோமளாவுக்கு இருந்தது ஒரே மகள், ஹேமாவதி. அதனால் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைத்தாள். நகக்கண் அழுகியது, இடுப்பு செத்துப்போனது. மகள் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, படிக்க வேண்டும். அந்த ஒரு வைராக்கியத்தில்தான் கடை வைத்தாள். ஹேமா குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள்.

புகையிலை விற்கும் உரிமத்தைப் புதுப்பிக்கக் கோமளா படகேறி அலுவலகத்துக்குப் போனாள். முன்பெல்லாம் முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த முறை விஜயராகவன் என்ற புது அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"வேப் கீப் எதுனா விக்கிறியாம்மா?"

"அது இன்னா சார்?"

"தெரியலன்னா நல்லது. பேட்டரில புகை வர்ற சிகரெட்டு. அதை எங்கியுமே விக்கக் கூடாது. பீடி சிகரெட்டுன்னா பள்ளிக்கூடத்துலேர்ந்து நூறு கஜம் தள்ளி இருக்கணும். நான் நேர்ல வந்து பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

ஊர்த் தலைவர் தருமலிங்கத்திடம் வந்து சொன்னாள். அவர் வலைக்கயிற்றைப் பாகம் பாகமாகக் கைவிரித்து நூறு கஜம் அளந்து கடையிலிருந்து இழுக்கச் சொன்னார். கயிறு பாதி தீர்வதற்குள் பள்ளிக்கூடக் கதவு வந்துவிட்டது. கடையை நகர்த்தலாமென்றால் அந்தப் பக்கம் அம்மன் கோயில், இந்தப் பக்கம் ஏரி. குப்பமே அவ்வளவுதான்.

பஞ்சாயத்து கூடியது. ஆம்பளைகள் எல்லோருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. கடை போனால் ஒரு கட்டு பீடிக்குக்கூடப் படகேற வேண்டும். கடைசியில் தருமலிங்கம்தான் வழி சொன்னார்.

"பள்ளிக்கூடமே இல்லன்னா தூரம் ஏதுடா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஊரே சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வது அங்கே வழக்கம். போலீஸ் வந்து படகு யாருடையது என்று கேட்டாலும், மீன்வளத்துறை வந்து வலைக்கண்ணைப் பற்றிக் கேட்டாலும் ஊருக்கு ஒரே வாய். பஞ்சாயத்தில் முடிவானதற்கு மாற்றிப் பேசினால் ஊர்விலக்கு. அதற்குப் பிறகு ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இத்தனை வருஷமும் இந்தத் தந்திரம் பலித்திருக்கிறது. அரசாங்கத்தில் ஒரு மேசை இன்னொரு மேசையோடு பேசாது என்று அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

பள்ளிக்கூடத்து எலிசபெத் டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து அதிகாரியை அழைத்தார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். பெஞ்சுகளின் மேல் வலையைக் குவித்தார்கள். வலைக்கூடம் என்று சொன்னால் யாரும் நம்பும்படிதான் இருந்தது. கோமளா தன் கையாலேயே அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு நாள் கூத்துதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

டீயைக் குடித்துக்கொண்டே அவர் ஹேமாவைப் பார்த்தார். "எங்கம்மா படிக்கிற?"

ஹேமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கோமளா குனிந்து அடுப்பை ஊதினாள்.

"படிக்கல சார்."

இந்தக் குப்பத்தில் பள்ளிக்கூடம் எதுவும் இல்லை என்று பஞ்சாயத்தார் ஊர் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். உரிமம் கிடைத்தது. அன்றைக்கு ஆளாளுக்குக் கோமளா கடையில் பற்றவைத்துக்கொண்டு அதிகாரியை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

பொங்கல் கழிந்து எலிசபெத் டீச்சர் கடைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பிள்ளைங்க கம்மின்னு நம்ம ஸ்கூலை மூடப் பார்த்தாங்க கோமளா. மூடக் கூடாதுன்னு நான் மல்லுக்கட்டிக்கிட்டிருந்தேன். உங்க ஊர் முத்திரையை எடுத்து என் முன்னால வைக்கிறாங்க. ஊரே இல்லைன்னு சொல்ற ஸ்கூலுக்கு டீச்சர் எதுக்குன்னு கேக்கிறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

வாரக் கடைசியில் பள்ளிக்கூடத்தை மூடி டீச்சரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அடுத்த பள்ளிக்கூடம் ஏரிக்கு அக்கரையில். காற்றடிக்கும் மாதங்களில் படகு போகாது. பையன்களை அனுப்புவார்கள், பெண்பிள்ளையைப் படகேற்றி அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை.

கோமளா தருமலிங்கத்திடம் ஓடினாள். "மாமா, பொய் சொல்ட்டோம்னு எழுதிக் குடுங்க. கடை போனாப் போவுது."

"ஊர் சொன்னா சொன்னதுதாம்மா. இன்னிக்கு ஒண்ணை மாத்திச் சொன்னா நாளைக்கு போலீஸ்காரன் எதை நம்புவான்? பொட்டப்புள்ள ஏழாவது வரிக்கும் படிச்சிச்சே, போதாதா?"

"உங்களுக்காகவா மாமா நான் கடை வச்சேன்?"

"வாயை அடக்கு கோமளா. ஊரை மீறிப் போனீன்னா அப்புறம் ஊரு உனக்கு இல்ல."

மறுநாள் அவள் மீறிப் போனாள். உரிமத்தை விஜயராகவனின் மேசைமேல் வைத்து நடந்ததையெல்லாம் கொட்டினாள். அவர் உரிமத்தை எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"இதை ரத்து பண்றது என் வேலை, பண்ணிடுறேன். பள்ளிக்கூடம் என் கையில இல்லம்மா."

பள்ளிக்கூடம் யார் கையில் இருந்ததோ அந்த அலுவலகத்துக்கும் போனாள். முத்திரை போட்ட பஞ்சாயத்தே வந்து மாற்றி எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். ஒற்றைப் பொம்பளை சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு?

திரும்பி வந்தபோது ஊர்விலக்கு அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அடுத்த வீட்டு மணியம்மாள் அவளைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பிஸ்கட் வாங்கக்கூட ஒரு பிள்ளை வரவில்லை. அந்தக் குப்பத்தில் இப்போது புகையிலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இரண்டுக்கும் கோமளாதான் காரணம் என்று ஊர் ஒரே வாயாகச் சொன்னது.

கையால் இறால் பிடிக்க மட்டும் ஊரைக் கேட்க வேண்டியதில்லை. கோமளா மறுபடியும் ஏரியில் இறங்கினாள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்; பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் மார்பளவு இருந்தது. குளிர் எலும்பில் ஏறியது.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்தது. திரும்பினாள். ஹேமா பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரா பிடிச்சா சீக்கிரம் ரொம்பும்மா."

போடி கரைக்கு என்று கத்த வேண்டும் போலிருந்தது கோமளாவுக்கு. கத்த வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் பறி நழுவும், பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அப்புறம் ராத்திரிக்குச் சோறு இல்லை.

மகள் பக்கத்தில் வந்து குனிந்து சேற்றில் கையை விட்டாள். கோமளா பறியை விடவில்லை.